முப்பதுகளில் கோயிலுக்குத் திரும்புகிறவர்கள்: எதை நம்பி வருகிறோம்?

பனைவிளை | சனி, இரவு 10:12

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஊரில் வளர்ந்தவன், வேலை சென்னையில். கல்லூரிக் காலத்தில் கோயில் பக்கமே வராத என் வயதுக்காரர்கள் பலர் இப்போது ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் வந்து உட்காருகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இதைப் பற்றி நிதானமாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990ஐ ஒட்டிப் பிறந்த எங்களுக்கு வீட்டில் காட்டிய வழி ஒன்றுதான். பொறியியல் படி, கம்ப்யூட்டர் வேலைக்குப் போ, வீடு வாங்கு, அப்புறம் கஷ்டமே இல்லை. விளையை விற்றும் கல்விக்கடன் வாங்கியும் படிக்க வைத்தார்கள். ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் இருந்தன. என்னோடு படித்த பலர் இன்று படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறார்கள். நல்ல வேலை கிடைத்தவர்களும் 2022 கடைசியில் தொடங்கிய ஆட்குறைப்பில் ஆடிப்போனார்கள். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் உள்ளே நுழைய முடியாது, வேலை போய்விட்டது என்று அதிலிருந்துதான் தெரியும். இருபது வருட வீட்டுக்கடன் அப்படியே இருக்கும்.

அப்புறம் அரசியல். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்தோம். தலைவர் இல்லாமல், கட்சிக் கொடி இல்லாமல் அவ்வளவு பேர் கூடியதைக் கண்ணால் பார்த்தபோது இனி எதுவும் பழையபடி இருக்காது என்று நம்பினோம். 23ஆம் தேதி தடியடியோடு அது முடிந்தது. அடுத்த வருடம் மே 22, எங்கள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள்மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022ல் சட்டமன்றத்திலும் வைக்கப்பட்டது. இறந்தவர்களின் வீட்டார் நீதிக்கு இன்னும் காத்திருக்கிறார்கள்.

இதே காலத்தில் இணையத்தில் கடவுள் மறுப்பும் நிறைய வாசித்தோம். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததற்கு அதற்கு இன்றும் நன்றி சொல்வேன். ஆனால் 2021 மேயில் கொரோனா இரண்டாம் அலையில் அப்பா போனபோது, நான் வாசித்த எதிலிருந்தும் அம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஊர் வாலிபர் சங்கப் பையன்கள்தான் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வந்து குழி வெட்டினார்கள். அவர்களில் சிலரும் அப்பாவும் சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலில் எதிரெதிர் அணி.

ஆம், அந்தத் தேர்தல். அதையும் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக்கூட வேலை நியமனத்துக்காக அணி, அணிக்காக உறவு முறிவு, கோயில் வாசலில் போலீஸ் வேன். சில திருமண்டலங்களை நடத்த உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமிக்கும் அளவுக்குப் போனது. எங்களில் பலர் விசுவாசத்தை விட்டதற்குக் காரணம் இதுதான், அறிவியல் ஒன்றும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வந்திருக்கிறோம். வாழ்க்கையைக் கட்ட ஓர் அஸ்திவாரம் வேண்டும், கிறிஸ்துவைத் தவிர வேறு எதிலும் கட்ட முடியவில்லை என்பது என் நிலை. நீங்கள் ஏன் வந்தீர்கள்? அல்லது ஏன் வரவில்லை?


கேள்விக்காரி | சனி, இரவு 11:47

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் நேர்மையாகவே கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன வரிசையைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வேலை ஏமாற்றியது, போராட்டம் ஏமாற்றியது, அப்பா போய்விட்டார், ஆகவே கிறிஸ்து. இந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது? இதே வரிசையில் என் அலுவலகத்தில் ஒருவர் விபாசனாவுக்குப் போகிறார். இன்னொருவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார். அவர்களுக்கும் ஆறுதல் கிடைக்கிறது. மனிதன் உடைந்துபோகும்போது சின்ன வயதில் பழகியதைப் பிடித்துக்கொள்வான் என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

குழி வெட்டிய பையன்களுக்கு என் மரியாதை. அதே 2021ல் தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) தொண்டர்கள் தமிழ்நாடு முழுக்க மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தார்கள். அதை வைத்து நீங்கள் இஸ்லாத்துக்குப் போகவில்லையே.

நான் ஐயர் வீட்டுப் பெண், அதாவது போதகர் மகள். அப்பா சேகர குருவாக இருந்தவர். தேர்தல் நேரத்தில் யாருக்கு ஓட்டு என்று சபையாரிடம் சொல்ல மறுத்ததற்காகப் பள்ளி ஆண்டின் நடுவில் அவரைத் தூக்கி வேறு சேகரத்தில் போட்டார்கள். அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று வாசலில் வந்து சொன்னவர்கள் யாரும் சாமான் ஏற்ற ஒரு கை கொடுக்கவில்லை. அப்பா கடைசிவரை விசுவாசியாகவே இருந்தார். நான் இல்லை. பாமாலைப் பாட்டுகள் இன்னும் மனப்பாடம். சமைக்கும்போது தானாக வாயில் வருகின்றன. அது பழக்கம் என்றுதான் எனக்குத் தெரிகிறது.


உபதேசியார் மகன் | ஞாயிறு, பிற்பகல் 3:20

ஆராதனை முடிந்து வந்து இரண்டு பேர் எழுதியதையும் வாசித்தேன். மகளே, உங்கள் அப்பாவைப் போன்ற ஐயர்மார் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சபை செய்தது அநியாயம். இதற்கு ஒரு "ஆனால்" போட்டு நான் தொடரப்போவதில்லை.

வேறு ஒன்று சொல்கிறேன். கஷ்டத்தில் வந்தவனின் விசுவாசம் உண்மையா என்ற கேள்வி நம்முடைய மாவட்டத்தில் புதிது இல்லை. சபை தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது.

1799ல் முதலூர் எப்படி உண்டானது? சாத்தான்குளம் பக்கத்துக்காரரான டேவிட் சுந்தரானந்தம் உபதேசியாராக ஊருக்கு வந்து பிரசங்கிக்க, கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர்களை அவரவர் ஊரில் இருக்க விடவில்லை. ஒதுங்க இடம் இல்லாதவர்களுக்காகத் தேரிக்காட்டு ஓரத்தில் நிலம் வாங்கிக் குடியமர்த்தினார்கள். 1802ஐ ஒட்டி ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம் மிஷனெரிகள் இல்லாமல் போனார்கள், பணம் வரவில்லை, 1811 வாக்கில் கொள்ளைநோய் வந்தது. கூட்டம் கூட்டமாகப் பழைய கும்பிடுக்கே போனார்கள். 1816ல் ராணுவ குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் தேடிப் பார்த்தபோது மிச்சம் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். கவனிக்க ஆளே இல்லாத பத்து வருடம் உபதேசிமார்களும் சாதாரணச் சபையாரும் வைத்துக் காத்தது அது. பிறகு மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820ல் வந்து கட்டியதெல்லாம் அந்த மிச்சத்தின்மேல்தான்.

தாது வருஷப் பஞ்சத்துக்கு வாருங்கள். 1877, 78. அந்த ஒன்றிரண்டு வருடங்களில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் என்று வெளியே கேலி, உள்ளேயும் சந்தேகம். இடையன்குடி கால்டுவெல் ஐயரே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் போனார்கள். பலர் இருந்தார்கள். அப்படி இருந்தவர்களின் பிள்ளைகள் காலத்தில், 1903ல், இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வெள்ளைக்காரன் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காணிக்கை என்பது தீர்மானம். பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் போனார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் என்று பெயர் வாங்கிய சபைதான் சோற்றை எடுத்துக் கொடுத்தது.

ஏமாற்றமும் புதிது இல்லை. மிஷனெரிகளின் போக்கு பிடிக்காமல் 1857ல் அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை நாசரேத்துப் பக்கத்தில் தனிச் சபையே தொடங்கினார். முக்குப்பீறியில் அது இன்றும் சனிக்கிழமைதான் கூடுகிறது.

ஆகவே ஒருவன் எந்தக் கதவு வழியாக வந்தான் என்பதை வைத்து நான் எடை போடமாட்டேன். பசி, பயம், துக்கம், எதுவாகவும் இருக்கட்டும். வந்த பிறகு அவன் என்ன ஆகிறான் என்று பார்க்க ஒரு தலைமுறை ஆகும்.


நாசரேத் பேத்தி | ஞாயிறு, மாலை 6:05

முக்குப்பீறியைப் பற்றி எழுதியதற்கு நன்றி அண்ணாச்சி. என் ஆச்சியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. சின்ன வயதில் சனிக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டு, நாள் மாறிவிட்டதா என்று குழம்பியிருக்கிறோம்.


மறுகரை | ஞாயிறு, இரவு 11:58

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே இந்த விஷயத்தைப் பற்றி ஒரே பேச்சு, அதனால் ஒரு எச்சரிக்கை.

2025 ஏப்ரலில் இங்குள்ள வேதாகமச் சங்கம் யூகவ் நிறுவனத்தின் கணக்கெடுப்பை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 18 முதல் 24 வயதுக்காரர்களில் மாதம் ஒருமுறையாவது ஆலயம் போகிறவர்கள் 2018ல் 4 சதவீதம், 2024ல் 16 சதவீதம் என்று. நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் "இங்கிலாந்தில் எழுப்புதல்" என்று அது சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஆய்வில் பதில் சொன்னவர்கள் தாமாக இணையக் குழுவில் சேர்ந்தவர்கள். வீடுகளைக் குலுக்கலில் எடுத்துக் கேட்கும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் அப்படி ஓர் ஏற்றம் தெரியவில்லை. இங்கிலாந்து திருச்சபையின் வருகைக் கணக்கும் இன்னும் 2019 நிலைக்கு வரவில்லை. சாட்சி சொல்ல ஆசைப்பட்டு உறுதியில்லாத எண்ணைப் பரப்பினால் நாளைக்கு இன்னொரு ஏமாற்றம்தான்.

பிரான்ஸ் கணக்கு வேறு மாதிரி. அது தலையை எண்ணியது. கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் 2024ல் 7,135, 2025ல் 10,384. அதில் மிகப் பெரிய பிரிவு 18 முதல் 25 வயதுக்காரர்கள். பிரான்சில் குழந்தை ஞானஸ்நானம் வருடாவருடம் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெற்றோர் கொடுக்காததைப் பிள்ளைகள் தேடி வந்து கேட்கிறார்கள்.

கேள்விக்காரியின் கேள்வி எனக்கும் உண்டு. 2023 நவம்பரில் அயான் ஹிர்சி அலி தன்னைக் கிறிஸ்தவர் என்று அறிவித்தார். கடவுள் மறுப்பாளராகப் பெயர் பெற்றவர். மேற்கத்திய நாகரிகத்தைக் காப்பாற்ற அதன் வேர் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் முதன்மையானது. தன் வாழ்க்கை வெறுமையாக இருந்ததையும் சொன்னார். இரண்டாவது காரணம் எனக்குப் புரிகிறது. முதலாவதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. சிலுவையை ஒரு கூட்டத்தின் கொடியாகப் பிடிப்பதை இங்கே லண்டன் தெருக்களில் பார்த்துவிட்டோம். அந்த ஊர்வலங்களில் போகிற பலருக்கு என் போன்ற தோல் நிறத்துக்காரன் கிறிஸ்தவன் என்பதே பொருட்டில்லை.


மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7:30

ஒரு பதிவு நீக்கப்பட்டது. சாதியைச் சொல்லி யாரையும் பேச இங்கே இடம் இல்லை. இனி எச்சரிக்கை கிடையாது.


தெற்குத்தெரு | திங்கள், காலை 9:15

நீக்கிய பதிவை நான் வாசித்துவிட்டேன், பரவாயில்லை. எனக்கு எழுத ஒரு காரணம் கிடைத்தது.

எல்லோரும் "திரும்பி வருவது" என்கிறீர்கள். எந்த இடத்துக்கு? என் தாத்தா இருந்த சபையில் இராப்போஜனப் பாத்திரம் எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வரும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க நடுவில் சுவர். சபையில் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் பகுதி சபையார் எழுந்து வெளியே போனார்கள். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது.

அரசாங்கத்தின் பக்கமும் பாருங்கள். 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். எங்களுக்கு இல்லை. ஞானஸ்நானம் எடுத்தால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது, சபை நம்பவில்லை. என் அண்ணன் பிள்ளைகளின் படிப்புக்காகச் சான்றிதழில் இந்து என்று போட்டிருக்கிறான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இவ்வளவு சொல்கிறேனே, நான் ஏன் போகவில்லை? போக எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். பாபாசாகேப் வழியில் பௌத்தத்துக்குப் போன நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இயேசுவை ஊர் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. எங்கள் தெருவும் ஊருக்கு வெளியேதான். கோயிலைக் கட்டியவன் யார், சாவி யார் கையில் என்பதெல்லாம் எப்படியும் போகட்டும், அவர் நின்ற இடம் எங்கள் பக்கம். இதை எனக்கு எந்த பிஷப்பும் தரவில்லை, அதனால் எந்த அணியும் பறிக்க முடியாது.

பனைவிளை, உங்கள் தலைமுறை இப்போது ஏமாந்து வருகிறது. எங்கள் தெருவில் எந்தத் தலைமுறைக்கும் யாரும் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அஸ்திவாரம் என்று பேசும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.


நந்திக்கடல் | செவ்வாய், அதிகாலை 4:41

கனடாவிலிருந்து. நாங்கள் இலங்கையின் வன்னிக் கத்தோலிக்கர். போர் முடிந்த 2009இல் எனக்கு இருபது வயது இருக்கும்.

நம்பிக்கை உடைந்த தலைமுறை எண்டு சொன்னால் எங்களையும் சேர்க்க வேணும். புலிகள் இயக்கத்தை நம்பினோம். சர்வதேசத்தை நம்பினோம். 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் நின்று போகவேண்டாம் எண்டு மன்றாடியது. அவர்கள் வாகனங்களில் ஏறிப் போனார்கள். அதுக்குப் பிறகு தறப்பாள் கூடாரமும் பங்கர்க் குழியும்தான். கோயில் பாதுகாப்பு எண்டதும் எங்களுக்கு உடைந்த கதை. 1995 ஜூலை 9 நவாலி புனித பேதுரு கோயிலில் ஒதுங்கியிருந்த சனத்தின்மேல் விமானம் குண்டு போட்டது, நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் மறைக்கல்வி முடிந்து நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில் செத்தார்கள்.

அப்ப ஏன் நான் இன்னும் பூசைக்குப் போகிறேன்? ஆறுதல் கிடைப்பதால் எண்டு சொல்ல மாட்டேன், பல நாட்களில் கிடைப்பதில்லை. எனக்கு ரெண்டு பேரைத் தெரியும். ஒருவர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். 2009 மே 18 அன்று இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் தானும் கூடப் போனார். வயது போனவர், விட்டுவிட்டு வந்திருக்கலாம். பேருந்தில் ஏறியதைச் சனம் கண்டது, அதுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மற்றவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2011 தை மாதம் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய், அரசாங்கத்தின் சொந்தக் கணக்கை வைத்தே, கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே எண்டு கேட்டார். எல்லாரும் வாய் மூடியிருந்த காலம் அது. மறை உண்மையோ எண்டு கேட்டால் தர்க்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது. செத்தவனுக்கும் பெயர் இருக்கு, கடவுள் முன்னால் அவன் கணக்கு முடியவில்லை எண்டு நம்பாமல் ஒரு மனுசன் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு அங்க போக ஏலாது எண்டு மட்டும் தெரியும். அந்த நம்பிக்கை பொய்யெண்டால் எங்கட ஆட்கள் உண்மையிலேயே இல்லாமல் போய்விட்டார்கள்.


கேள்விக்காரி | செவ்வாய், காலை 10:20

நந்திக்கடல், உங்கள் பதிவுக்கு எதிர்வாதம் செய்ய எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

மற்றவர்களிடம் கேட்கிறேன். அந்த ஆயரையும் அடிகளாரையும் போல ஒருவர் இருந்தால் நூறு பேர் வேறு மாதிரி இருக்கிறார்கள். ஒருவரை வைத்து விசுவாசத்தை நம்பவா, நூறு பேரை வைத்து நம்பாமல் இருக்கவா? தெற்குத்தெரு சொன்ன பாத்திரம் கடைசியில் வருகிற சபையிலும் அதே வேதம்தான் வாசிக்கப்படுகிறது. ஒரே அஸ்திவாரத்தில் இரண்டு விதமான வீடு நிற்கிறது என்றால் அஸ்திவாரம் எதையும் தீர்மானிக்கவில்லை என்றுதானே ஆகிறது?


பனைவிளை | செவ்வாய், இரவு 9:50

இந்தக் கேள்வியை இன்று முழுக்க மனதில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டதற்கு அஸ்திவாரத்தைப் பற்றி இயேசு சொன்ன உவமையிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் அதைப் பாட்டாகப் பாடிப் பாடியே கவனிக்காமல் விட்டோம்.

பாறைமேல் கட்டினவன், மணல்மேல் கட்டினவன். கர்த்தரை நம்புகிறவன் பாறை, நம்பாதவன் மணல் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மத்தேயு ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அப்படி இல்லை. இரண்டு பேருமே அவருடைய வார்த்தைகளைக் கேட்டவர்கள். ஒருவன் கேட்டபடி செய்தான், இன்னொருவன் செய்யவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், உம்முடைய பெயரால் அற்புதம் செய்தோமே என்று வந்து நிற்பவர்களிடம் உங்களைத் தெரியாது என்று சொல்வதும் அதே அதிகாரம். எந்த வார்த்தைகள்? மலைப்பிரசங்கம் முழுவதும். பகைவனை நேசி, காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு, பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே. இதைச் செய்யாமல் தேர்தல் நடத்துகிற சபையும் கல்லறையில் சுவர் வைக்கிற சபையும் மணல்மேல் நிற்கின்றன. வேதம் கையில் இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் கேட்ட இரண்டு வீட்டுக்கும் அஸ்திவாரம் ஒன்று இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் மறுகரை சொன்ன நாகரிகக் கிறிஸ்தவமும் பிடிபடுகிறது. பகைவனை அடிக்க வேதத்தை எடுப்பவன் அதைக் கேட்டிருக்கிறான், செய்யவில்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி இன்னும் நிற்கிறது. எல்லா மதத்திலும் நல்லது செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தமுமுகவினர் செய்ததும் உண்மை. அவர்கள் செய்ததைச் சின்னதாக்கி என் விசுவாசத்தைப் பெரிதாக்க மாட்டேன். என் "ஆகவே" கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலில்தான் நிற்கிறது. அது நடக்கவில்லை என்றால் எங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். அரசாங்கம் சட்டப்படி கொன்ற ஒருவனைக் கடவுள் எழுப்பினார், கொன்றவர்களின் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லை என்று ஆனது. 2018 மே 22க்குப் பிறகு இந்தச் செய்தி எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. அதைச் சொன்ன முதல் சாட்சிகள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு, பொய்யாகக் கட்டியிருந்தால் அவர்களைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். இது உங்களுக்குப் போதாது என்று தெரியும். எனக்கும் இது நிரூபணம் இல்லை. ஆனால் என் வாழ்க்கையை வைத்துப் பார்க்கிற அளவுக்கு நம்புகிறேன்.

தெற்குத்தெரு, நீங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். ஊரில் எங்கள் சேகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் கிடையாது, ஆனால் பகுதி உண்டு, எல்லோருக்கும் தெரியும். அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் அதை எழுத்தில் கொடுக்க நானும் வாலிபர் சங்கத்தில் இன்னும் சிலரும் பேசியிருக்கிறோம். அணி பார்த்துத்தான் பதில் வரும். வரட்டும்.


கேள்விக்காரி | செவ்வாய், இரவு 11:15

கேட்டவன், கேட்டுச் செய்தவன் என்ற பிரிவு என் அப்பாவுக்குப் பொருந்துகிறது. உயிர்த்தெழுதலை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. கமிட்டியில் என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.


புதியவன் 2001 | புதன், பகல் 1:10

எல்லாவற்றையும் வாசித்தேன். எனக்கு இருபத்து சொச்சம் வயது. வீட்டில் பைபிள் உண்டு, யாரும் வாசிப்பதில்லை. ஞாயிறு நீண்ட பிரசங்கத்தில் உட்கார முடியவில்லை, யூடியூப் போதகர்கள் காணிக்கை எண்ணைத் திரையில் போடுகிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது? யாராவது சொல்லுங்கள்.


உபதேசியார் மகன் | புதன், மாலை 5:45

தம்பி, மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். நாளுக்கு ஒரு வசனம் என்று வேண்டாம், கதையாக முழுதும் வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் பொது மொழிபெயர்ப்பை எடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. அப்புறம் 73ஆம் சங்கீதம். கெட்டவன் செழிப்பதைப் பார்த்து, நான் சுத்தமாக இருந்தது வீண்தானா என்று ஆசாப் கடவுளிடமே கேட்கிறான். அப்படிக் கேட்டதும் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஞாயிறு பெரிய ஆராதனை முடியவில்லை என்றால் வாரநாள் மாலை ஜெபத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள், பெரும்பாலும் கிழவிகள். அவர்களில் ஒருவரிடம், ஏன் இன்னும் வருகிறீர்கள் என்று கேளுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே கூட்டிப்போகிறேன்.